மத்தியான நாடகத்துப் பெரியண்ணன்

மாரி, கணேசா, இதை ரெண்டு பேரும் சேர்ந்து வாசிங்க. ஒருத்தி கோயம்புத்தூரிலும் ஒருத்தன் சென்னையிலும் இருந்துகொண்டு எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்று கேட்காதீங்க. போனைப் போட்டு ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் கேட்டால் போதும். போன வாரம் வரைக்கும் இந்தப் பத்திரிகையில் எழுதியதெல்லாம் ஊருக்குச் சொன்ன கதை. இது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள்.

போன தடவை ஊருக்கு வந்தபோது மாரி பீரோவிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். "இந்த நாடக நடிகர் நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு, எல்லாரும் சிரிக்காங்க, ஆசாரிகூட சிரிக்காரு. அம்மா மட்டும் ஏம்ப்பா இப்படி பாக்கா?" என்று கேட்டாள். கடைக்குப் போகணும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கடையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்தப் படம் எடுத்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியானம். வெளியே சாரல். நம்ம இலத்தூர் வீட்டு முன்னறையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த நடிகர் உட்கார்ந்திருக்கிறார். குற்றாலத்தில் நான் தேய்த்துவிட்ட எண்ணெயின் வாசம் அவர் தலையில் இன்னும் இருக்கிறது. அவர் மடியில் ஒரு புதுத் துண்டு விரித்துக் கிடக்கிறது. பக்கத்தில் ஆசாரி, கையில் காது குத்தும் ஊசி. மாரிக்கு ஏழு வயசு, பச்சைப் பாவாடை. உங்க அம்மா பீடி சுத்துகிற முறத்தை, அந்தச் சுளகை, மடியிலிருந்து இறக்காமல், கழுத்தை மட்டும் திருப்பி அவரைப் பார்க்கிறாள்.

அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை எழுத்தும். நேராகச் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

முதுகால் பார்த்த நாடகம்

உங்க அம்மா டிவி பார்த்தாள் என்று சொல்வது சரியில்லை. கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நம்ம வீட்டில் பிளக் இருந்தது பின் சுவரில். அதனால் கவர்மெண்டு கொடுத்த டிவியும் பின் சுவர்ப் பலகையில் இருந்தது. பீடி சுத்துவதற்கு வெளிச்சம் வேண்டும். இலையை அளவாக வெட்ட வேண்டும், தூளை அள்ளி வைத்துச் சுருட்ட வேண்டும், நூல் கட்ட வேண்டும். அதனால் அவள் வாசலைப் பார்த்து உட்காருவாள். டிவி அவள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருக்கும்.

அப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நாடகம் பார்த்தவள் உங்க அம்மா.

ஒரு நாடகத்துக்கு இரண்டு கட்டு. அதுதான் அவள் கணக்கு. முதல் நாடகத்தின் பாட்டு ஆரம்பிக்கும்போது நூலை எடுத்தால், விளம்பரமெல்லாம் முடிந்து அது முடியும்போது இரண்டு கட்டு பீடி சுளகில் கிடக்கும்.

கண்ணுக்குப் பதில் பக்கத்து வீட்டு பாத்திமுத்து அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தார். அவளும் தன் சுளகைத் தூக்கிக்கொண்டு நம்ம வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்கு டிவியைப் பார்த்து உட்கார்ந்தால்தான் கை ஓடும். "ஏ கோமதி, மஞ்சப் பட்டு உடுத்திருக்கா", "இப்ப மாமியாக்காரி மாடிப்படில ஒளிஞ்சு நிக்கா" என்று அவள் சொல்லச் சொல்ல உங்க அம்மா தலையை ஆட்டிக்கொள்வாள். அக்கா சொல்லாவிட்டாலும் ஆளை அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

வளையல்காரியும் இருமல் தாத்தாவும்

எங்களுக்கு அந்த நடிகர்களின் பெயர் ஒன்றும் தெரியாது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

முதல் முதலில் உங்க அம்மாவுக்குப் பிடித்தது ஒரு வில்லி. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு வருவாள். அவள் வந்தாலே தெருவில் எல்லா வீட்டுப் பொம்பளைகளும் அவளைத் திட்டுவார்கள். உங்க அம்மா மட்டும் திட்ட மாட்டாள். "அவ பேசுறதுதான் ஒரு எழுத்து விடாம காதுல விழுது. மத்தவளுக அழுதுகிட்டே பேசுதாளுக, பாதி புரியல" என்பாள். பாத்திமுத்து அக்காவுக்கு அது பொறுக்காது. "நல்லவள விட்டுட்டு கெட்டவளுக்கு ஏந்துகிட்டு பேசுதியே, நாளைக்கு ஒனக்கு அப்படி ஒரு மருமவ வருவா பாரு" என்று சாபம் கொடுப்பாள். கணேசா, நீ இதை மனசில் வைத்துக்கொள்.

அதற்கப்புறம் ஒரு இருமல் தாத்தா. எந்தக் காட்சியில் வந்தாலும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பேசுவார். ஒரு நாள் நாடகத்தில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். அன்றைக்கு உங்க அம்மா நூலைக் கீழே வைத்துவிட்டாள். நிஜமாகவே ஏதாவது ஆகியிருக்குமோ, அதனால்தான் நாடகத்திலும் முடித்துவிட்டார்களோ என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? மறு வருஷம் வேறு ஒரு நாடகத்தில் கோர்ட் காட்சி. நீதிபதி வாயைத் திறக்கும் முன்னால் இரண்டு இருமல். உங்க அம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். ஊரில் சொந்தக்காரர் யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பியது மாதிரி.

அந்த நடிகர்களில் இரண்டு மூன்று பேருக்கு நானே எண்ணெய் தேய்த்திருக்கிறேன். சீசன் சமயத்தில் குற்றாலத்துக்கு எல்லோரும் வருவார்கள். டிவியில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஒரு வில்லன், நான் விலாவில் கை வைத்ததும் கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தார். பலகையை விட்டு விழாமல் பிடித்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது. வீட்டில் வந்து சொன்னேன். உங்க அம்மா நம்பவில்லை.

அழுமூஞ்சிப் பெண்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுமூஞ்சி என்று நாங்கள் சொல்லும் ஒரு பெண். ஒரு நல்ல நாடகத்தில் பாதி வழியில் அவளை மாற்றிவிட்டார்கள். இன்னாருக்குப் பதில் இன்னார் என்று கீழே எழுத்தில் போடுவார்கள் இல்லையா, அப்படி.

பாத்திமுத்து அக்கா, புள்ளைய மாத்திட்டானுவ என்று கத்தினாள். உங்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அதே பிள்ளைதான் என்று சாதித்தாள். இவள் ஒல்லி, அவள் பூசினாப்போல இருப்பாள், மூக்கே வேறு என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். கடைசியில் உங்க அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூக்க வச்சு நான் என்ன செய்ய? பேசுறது அவதான்" என்று சொல்லிவிட்டாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேர் சண்டையையும் கேட்டுச் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

பெரியண்ணன்

அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரியண்ணன். மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிற நாடகம். தாய் தகப்பன் இல்லாத நாலு தங்கச்சிகளை வளர்க்கிற அண்ணன். பெரிய மீசை, வெள்ளை வேட்டி. அதிகம் பேச மாட்டார். பேசினால் கனமான குரல். வார்த்தையின் கடைசியில் மட்டும் அது கொஞ்சம் இறங்கும், தண்ணீரில் கல்லைப் போட்டால் அடியில் போய் உட்காருமே அது மாதிரி.

அந்த நாடகத்துக்கு மட்டும் உங்க அம்மாவின் கணக்கு தப்பியது. இரண்டு கட்டுக்குப் பதில் ஒன்றரைக் கட்டுதான் சுளகில் கிடக்கும். அவர் பேசும்போது கை நின்றுவிடும். சில நாள் இலையைச் சுருட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பாள்.

என்ன, கை நின்னு போச்சு என்று ஒரு தடவை கேட்டேன்.

"எங்க அண்ணன் பேசுறாப்புல இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் அவள் அண்ணனைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு வரிதான். பேசக் கூடாது என்று நான் சொன்னதில்லை. ஆனால் அவள் பேசாததற்குக் காரணம் நான்தான்.

பந்தியில் விழுந்த வார்த்தை

பிள்ளைகளா, உங்க மாமா சங்கரபாண்டியன் வாசுதேவநல்லூரிலிருந்து எப்போதும் வந்து போய்க்கொண்டிருந்தவர் என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இடையில் ஆறு வருஷத்துக்கு மேல் அவர் நம்ம வீட்டுக்கு வரவில்லை.

உங்க அம்மாவின் அப்பா இறந்து பதினாறாம் நாள். வாசுதேவநல்லூரில் பந்தி நடந்தது. மாரி ஆறு மாசக் குழந்தை. மருமகன் சும்மா நிற்கலாமா என்று நான் இலை போடப் போனேன். உங்க மாமா எல்லார் முன்னாலும், "இலையக் கீழ வைங்க மாப்ளை, எண்ணெய்க் கை வழுக்கும்" என்றார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் குத்தியது. எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர், குற்றாலத்தில் ஊரார் முதுகைத் தேய்த்துப் பிழைக்கிறவனைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இலைக்கட்டைக் கீழே வைத்தேன். "இந்தக் கை இனி உங்க வீட்டுல எதையும் தொடாது. நீங்களும் எங்க வாசல மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் உங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினோராம் மாசம் மாரிக்குக் காது குத்துவதாக இருந்தது. மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் பார்ப்போம் என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

மாரி பள்ளிக்கூடம் போனாள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள், நீ என்ன பையனா, காதுல ஒண்ணையும் காணோம் என்று கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். உங்க அம்மா அவளை மடியில் இழுத்துக்கொண்டு காதை நீவிக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

லாட்ஜ் அறையில்

அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. பேரருவியில் தண்ணீர் அதிகமாகி, போலீஸ்காரர்கள் ஆளை உள்ளே விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். குளிக்க முடியாதவர்கள் லாட்ஜிலேயே எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தார்கள். ஒரு லாட்ஜ் வாட்ச்மேன் வந்து, முக்கியமான ஆள், சுத்தமான துண்டோடு வா என்று என்னைக் கூப்பிட்டார்.

கதவைத் திறந்தவர் பெரியண்ணன். அதே மீசை.

அன்றைக்கு அவருக்குத் தோள் பிடித்திருந்தது. கண்ணை மூடிக் குப்புறப் படுத்துவிட்டார். அழுத்தும் இடத்தில் ம் என்பார், வலித்தால் ஸ் என்பார். மறு நாளும் கூப்பிட்டார். அன்றைக்குக் கொஞ்சம் பேசினார். கொல்லம் பக்கம் அவர் ஊர். சென்னையிலிருந்து காரில் ஊருக்குப் போகிற வழியில் இங்கே இரண்டு நாள் தங்கியிருக்கிறார். அவர் பேச்சில் பாதி மலையாளம். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. செங்கோட்டைப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தானே பேசுகிறார்கள். முகம் அதே முகம். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் எப்போதும் கண்ணால் நாடகம் பார்த்தவன்.

அவர் முதுகில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த யோசனை வந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சார், என் வீட்டுக்காரிக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாரோ. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் யாரும் இல்லை சார் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பிள்ளைக்கு மாமன் மடி இல்லாமல் காது குத்தாமலே ஏழு வயசாகிவிட்டது, நீங்கள் கொல்லம் போகிற வழியில் அரை மணி நேரம் எங்கள் வீட்டுக்கு வந்து மடி கொடுத்தால் போதும் என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். அவருக்கும் தங்கச்சிகள் உண்டாம். வரேன் என்று தலையை ஆட்டினார்.

என் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். உங்க அம்மா கோமதிக்கு அண்ணன் குரல் கிடைத்துவிடும். மாரிக்கு மடி கிடைத்துவிடும். நான் வாசுதேவநல்லூருக்குப் போய்த் தலை குனிய வேண்டியதில்லை.

மடியில் விரித்த துண்டு

உங்க அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நம்ம தெரு ஆசாரியிடம் மட்டும் சொல்லி ஊசியோடு வரச் சொன்னேன். அரிசியும் வெல்லமும் கலந்து காப்பரிசி செய்து பாத்திமுத்து அக்கா மறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மாரிக்குப் பச்சைப் பாவாடை கட்டியதும் அவள்தான். நாடகம் ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. தெரு முழுக்க நம்ம வாசலில்.

அவர் குனிந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மடியில் துண்டை விரித்தேன். உங்க அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியண்ணனின் முகம் அவளுக்குத் தெரியாதே; காரில் வந்த யாரோ சாரலுக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். சுளகை மடியில் வைத்தபடி இருந்தாள்.

மாரி பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் நீட்டி, "பேடிக்கண்டா மோளே, இங்கோட்டு வா" என்று மலையாளத்தில் பயப்படாமல் வரச் சொன்னார்.

கீச்சென்று ஒரு சின்னக் குரல். அந்த மீசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லாட்ஜில் கேட்டபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. அப்போதுதான் உங்க அம்மா திரும்பிப் பார்த்தாள். பாத்திமுத்து அக்கா, வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து அனுப்பிய போனில் படம் எடுத்ததும் அப்போதுதான். அந்தப் பார்வைதான் மாரி கையில் இருக்கிற போட்டோ.

நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பின் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதே முகம் அதில் வந்து, அந்தக் கனமான குரலில் தங்கச்சியிடம் ஏதோ கேட்டது. உங்க அம்மா டிவியைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். மடியில் விரித்த துண்டையும் ஆசாரி கையில் இருந்த ஊசியையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து மாரியின் கையைப் பிடித்தாள்.

"ஆசாரியாரே, இன்னைக்கு வேண்டாம். ஊசிய உள்ள வைங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "எம் பிள்ளைக்கு மாமன் இருக்காரு. வாசுதேவநல்லூர்ல இருக்காரு."

நடிகர் என் பக்கம் திரும்பினார். நான் அவரிடம் என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுளகில் கிடந்த பீடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒன்றும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, "சேச்சி, டிவியில அது என்ட சப்தம் இல்ல. சென்னையில வேற ஒராள் பேசும். ஞான் வாயை மட்டும் அசைக்கும்" என்றார். சொல்லும்போது அவருக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்தது. தன் அம்மாவே அந்தக் குரலைக் கேட்டுவிட்டு இது யாருடைய மகன் என்று கேட்பாள் என்று சொன்னார். உங்க அம்மா அதற்குச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை அவள். சோறும் ரசமும் அப்பளமும். அவர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பும்போது என் தோளில் கை வைத்து லேசாக அழுத்தினார். நான் அவருக்கு அழுத்தினேனே, அதே இடத்தில்.

ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் இப்போதும் நாடகத்தில் வருகிறார், ஒரு மருமகளுக்கு மாமனாராக. குரல் கொடுக்கிற ஆளை மாற்றிவிட்டார்கள். உங்க அம்மா இப்போது பீடி சுத்துவதில்லை, டிவியைப் பார்த்துத்தான் உட்காருகிறாள். இருந்தாலும் அவர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, "இது அவரு முகத்துக்குப் பொருந்தல" என்கிறாள். அந்தப் பழைய குரல்காரர் எந்த நாடகத்தில் யாருக்குப் பேசுகிறார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ராஜபாளையம் பஸ்

அன்று சாயங்காலம் வரைக்கும் உங்க அம்மா என்னோடு பேசவில்லை. கோபம் என்றால் சமாளித்துவிடலாம். அவள் கோபப்படவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து, "எங்க அண்ணன் குரலக் கேக்கணும்னா கொல்லத்துக்காரரயா பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்? பஸ் ஏறுனா ஒன்னரை மணி நேரம்" என்று மட்டும் சொன்னாள்.

மறு நாள் நான் குற்றாலத்துக்குப் போகவில்லை. தென்காசியில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். கடையநல்லூர், புளியங்குடி தாண்டியதும் சாரல் நின்று வெயில் வந்துவிட்டது. வழி முழுக்க என்ன பேசுவது என்று சேர்த்து வைத்துக்கொண்டே போனேன். வாசுதேவநல்லூரில் இறங்கியதும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

உங்க மாமா முன் களத்தில் சாக்கை விரித்து எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்லது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். என்னைப் பார்த்தார். கையை நிறுத்தவில்லை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

"மச்சான், அன்னைக்கு அந்த வார்த்தையச் சொன்னது நான். கோமதி ஒண்ணும் சொல்லல" என்றேன். "மாரிக்கு இன்னும் காது குத்தல. ஏழு வயசாச்சு."

அவர் கை நின்றது. ஏழா என்றார். அவர் கடைசியாகப் பார்த்தது ஆறு மாசக் குழந்தையை.

"இத்தன வருசமா எதுக்குக் காத்துக் கெடந்திய?"

"ஒங்க மடிக்கு" என்றேன்.

அவர் பழத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் நல்ல பழத்தையும் அடிபட்ட பழத்தையும் ஒரே பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், இலத்தூரில் ஆசாரி யார் என்று. சொன்னேன்.

"அவரா? அவருக்கு ரெண்டு கண்ணாடி போட்டாலும் ஊசி தெரியாதே. நம்ம ஊர் ஆசாரிய நான் கூட்டிட்டு வருதேன்" என்றார். "உள்ள வாங்க மாப்ளை, வெயில்ல நிக்காதிய."

அந்தப் பந்தியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று வரைக்கும்.

வீட்டுக்கு வந்து உங்க அம்மாவிடம், ஆவணி பிறந்ததும் உங்க அண்ணன் வருதாரு என்றேன். அவள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கன சாப்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். என்ன குழம்பு என்றாள். வெந்தயக் குழம்பு என்றேன்.

"மதினி இன்னும் வெந்தயக் கொழம்பத்தான் வச்சுக்கிட்டிருக்காளா" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

ஏட்டி கோமு

ஆவணி பிறந்த பிறகும் அந்த வருஷம் சாரல் விடவில்லை. காது குத்துகிற அன்று காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. பஸ் தாமதமாகிவிட்டது. உங்க அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நாடகம். பெரியண்ணன் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி கோமு" என்று ஒரு குரல்.

பாத்திமுத்து அக்கா டிவியைப் பார்த்தாள். மாரியும் டிவியைத்தான் பார்த்தாள். உங்க அம்மா அடுப்பங்கரையிலிருந்து நேராக வாசலுக்கு வந்தாள். கரண்டி கையில் இருந்தது. டிவி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வாசலில் உங்க மாமா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. பின்னால் அத்தை, சீர்த்தட்டோடு. அவர்களுக்குப் பின்னால் அந்த ஊர் ஆசாரி.

"என்ன இப்படி எளைச்சுப் போன?" என்றார் மாமா.

"நீ மட்டும் என்னவாம், தலையெல்லாம் நரைச்சுக் கெடக்க" என்றாள் உங்க அம்மா.

அவர் உள்ளே வருவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். நான் ஒதுங்கி வழி விட்டேன். வாங்க மச்சான் என்றேன்.

மாரி, நீ அவர் மடியில் உட்கார்ந்தாய். முதல் காதுக்குச் சும்மா இருந்தாய். இரண்டாவது காதுக்கு அவர் பெருவிரலைக் கடித்துவிட்டாய். ரத்தமே வந்துவிட்டது. அவர் கையை உதறவில்லை. "ஏட்டி, ஆறு வருசத்துக்கும் சேத்து கடிச்சிட்டியே" என்று சிரித்தார். கணேசன் காப்பரிசித் தட்டைக் கவிழ்த்தான். உங்க அம்மா யாரையும் திட்டவில்லை. அன்றைக்கு அவளுக்கு யார் மேலும் கோபம் வந்திருக்காது.

அதற்கப்புறம் எல்லாரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தார்கள். உங்க அம்மா பரிமாறிக்கொண்டே அண்ணனிடம் ஊர்க் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் எத்தனை மரம் நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா, தெருவில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது. ஒரு கேள்விக்குப் பதில் வருமுன் அடுத்த கேள்வி. டிவியை யாரோ நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நான் மட்டும் வெளியே வந்தேன். வாசலில் சாக்கடை ஓரமாக உங்க மாமாவின் தோல் செருப்பு கிடந்தது. அவசரத்தில் கழற்றிப் போட்டிருக்கிறார், ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. மல்லாக்கக் கிடந்ததில் தண்ணீர் தேங்கியிருந்தது.

குனிந்து இரண்டையும் எடுத்தேன். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினேன். தோளில் கிடந்த துண்டால் உள்ளேயும் அடியிலும் வாரிலும் துடைத்தேன். பிறகு வாசற்படிக்கு உள்ளே, சாரல் படாத சுவர் ஓரமாக, இரண்டையும் சேர்த்து வைத்தேன்.